கொடியில் ஏறிய துப்புரவுப் பணியாளர்

கொடியில் ஏறுவதற்கென்றே சில பிராணிகள் பிறந்திருக்கின்றன. சோழன் புலியை ஏற்றினான். பாண்டியன் மீனை ஏற்றினான். பல்லவன் காளையை ஏற்றினான். அதுவும் நந்தி, ஏரில் பூட்டிய மாடு அல்ல. நிலத்தை உழுதது யார், பாரம் இழுத்தது யார் என்று எந்த அரண்மனையும் கொடி தைக்கும்போது கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோயிலுக்குக் கல் இழுத்த வண்டிமாடு ஒன்றாவது கொடியேறியிருக்கும்.

வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் துணிச்சல்காரர்கள். தங்கள் ஊர்க் காட்டில் இல்லாத சிங்கத்தை அரசுச் சின்னத்தில் நிறுத்தினார்கள். எந்த ஊர்க் காட்டிலும் இல்லாத ஒற்றைக்கொம்புக் குதிரையை அதற்கு எதிரே நிறுத்தினார்கள். லண்டன் மாநகரின் சின்னத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு டிராகன்கள். தேம்ஸ் கரையில் டிராகன் பார்த்தவர் எவரும் இல்லை; பார்த்ததாகச் சொன்னவரை எங்கே அனுப்பியிருப்பார்கள் என்பது வேறு கதை.

பொய்களின் இந்த ஊர்வலத்தில் ஒரு நகரம் மட்டும் தவறிப்போய் உண்மை பேசிவிட்டது. தன் குப்பையை அள்ளிய ஆளையே தன் சின்னத்தில் தூக்கி வைத்தது. நகரம் கல்கத்தா. ஆள் ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, விரித்தால் எட்டடி நீளும் சிறகு.

வங்காளத்தில் இந்தப் பறவைக்கு ஹர்கிலா என்று பெயர். நாம் பெருநாரை என்கிறோம். தமிழனுக்கு நாரை என்றதும் தூது நினைவுக்கு வரும். மதுரைக் குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், ஊரில் இருந்த மனைவிக்குச் சேதி சொல்ல நாரையைத்தான் பிடித்தார். அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. கல்கத்தாவின் நாரைக்கு இப்படி மென்மையான உத்தியோகம் எதுவும் கிடைக்கவில்லை. அது சேதி சொல்லாது. செத்த நாயை விழுங்கும்.

19ஆம் நூற்றாண்டின் கல்கத்தாவைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகைகள். அதனால் 'மாளிகைகளின் நகரம்' என்று பட்டம். இன்னொரு பக்கம் திறந்த சாக்கடை, தெருவோரம் கொட்டிய சமையலறைக் கழிவு, ஹூக்ளியில் மிதக்கும் பிணங்கள். எரிக்க விறகு வாங்க வழியில்லாதவர்கள் ஆற்றையே சுடுகாடாக வைத்துக்கொண்டார்கள். பட்டம் கொடுத்தவர்கள் மாளிகைப் பக்கம் மட்டும் பார்த்திருக்க வேண்டும். அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும்.

இத்தனை கழிவுக்கும் பொறுப்பேற்றது ஹர்கிலா. கோடை தொடங்கியதும் வந்து இறங்கும். மழைக்காலம் முழுக்க வேலை பார்க்கும். குளிர் வந்ததும் முட்டையிடக் கிளம்பிவிடும். 1864 முதல் வைஸ்ராய்களின் நாட்காட்டி இதற்கு நேர் எதிர். வெயில் ஆரம்பித்ததும் மொத்த அரசாங்கமும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு சிம்லா மலையேறும். ஆக, மே மாதத்துக் கல்கத்தாவில் பொறுப்பான பதவியில் இருந்தவர் என்று பார்த்தால் அந்தப் பறவை ஒன்றுதான்.

அதன் நடை விறைப்பாக இருக்கும். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியவர்போல, ஒவ்வொரு அடியாக யோசித்து வைக்கும். இதைப் பார்த்த ஆங்கிலேயர்கள், பட்டாளத்தில் இப்படியே நடக்கும் அட்ஜுட்டன்ட் அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். வைத்த பெயரால் பறவைக்குப் பெருமையா, அதிகாரிக்கு அவமானமா என்று பட்டாளத்தில் யாரும் விசாரணை வைத்ததாகத் தெரியவில்லை. வெயிலைச் சமாளிக்க இந்தப் பறவை தன் கால்களின் மேலேயே எச்சமிட்டுக்கொள்ளும்; ஈரம் காயும்போது உடம்பு குளிரும். கருத்த கால் அதனால் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் தெரியும். கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த கும்பினி அதிகாரிகளைவிட, சீருடை விஷயத்தில் அதற்கு விவரம் அதிகம்.

அதன் தலைமை அலுவலகம் எது தெரியுமா? ஆளுநர் மாளிகை. வெல்லெஸ்லி பிரபு 1799இல் தொடங்கி 1803இல் முடித்த கட்டடம். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் கெடில்ஸ்டன் என்றொரு பெரிய வீடு இருக்கிறது. அதைப் பார்த்துக் கட்டியது. செலவுக் கணக்கைப் பார்த்த கும்பினி இயக்குநர்கள் மயங்கி விழாத குறை. 1805இல் வெல்லெஸ்லி திரும்பிப் போக வேண்டியதாயிற்று. மாளிகையின் வாயில் வளைவுகளின் மேல் சாம்ராஜ்ஜியத்தின் கம்பீரத்தைக் காட்டச் சிங்கங்களை வைத்தார். கட்டி முடித்த கையோடு ஹர்கிலாக்கள் வந்து அந்தச் சிங்கங்களின் தலையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டன. அக்காலத்து ஓவியங்களில் இந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம். கீழே கல்லாய்ப் போன சிங்கம். மேலே, வெந்த வெயிலில் தன் காலை நனைத்துக்கொண்டு, பணி நேரம் தொடங்கக் காத்திருக்கும் நாரை. சாம்ராஜ்ஜியத்தின் கொடியாக எதை வரைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எவரும் கொடுத்திருக்க முடியாது.

பணியாளருக்குச் சம்பளம் கிடையாது. சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹர்கிலாவைக் கொன்றால் 50 ரூபாய் அபராதம். அந்தக் காலத்து 50 ரூபாய் என்பது ஏழை வீட்டில் பல மாதச் செலவு. நகரத்தில் பட்டினி கிடந்த மனிதனுக்கு இல்லாத விலை நகரத்தைச் சுத்தம் செய்த பறவைக்கு இருந்தது. நியாயம்தான், அது வேலை செய்ததே!

சட்டத்துக்கு மேல் சாஸ்திரமும் துணைக்கு நின்றது. இறந்துபோன அந்தணர்களின் ஆன்மா இந்தப் பறவைக்குள் குடியிருப்பதாகவும், அதனால் இதைக் கொல்லவே முடியாது என்றும் மக்கள் நம்பியதாகப் பறவை நூலாசிரியர் ஜான் லேதம் எழுதி வைத்திருக்கிறார். அதே லேதம் இன்னொன்றையும் குறித்திருக்கிறார்: ஒரு ஹர்கிலாவை அறுத்துப் பார்த்தபோது உள்ளே பத்து அங்குல ஆமை ஒன்றும், பெரிய கறுப்புக் கடுவன் பூனை ஒன்றும் முழுசாக இருந்தன. வங்காளத்து அந்தணர்கள் மீன் சாப்பிடுவார்கள் என்பது ஊரறிந்தது. மறுபிறவியில் பட்டியல் இவ்வளவு நீளும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கொல்லக் கூடாதென்று சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய பட்டாளத்து இளைஞர்களுக்கு மாலையில் பொழுது போகவில்லை. இறைச்சி எலும்புக்குள் தோட்டாவும் திரியும் வைத்துப் பற்றவைத்து வீசுவார்கள். எதையும் மெல்லாமல் விழுங்குவது ஹர்கிலாவின் வழக்கம். மீதியைச் சொல்ல வேண்டாம். நாகரிகம் கற்பிக்க ஏழு கடல் தாண்டி வந்தவர்களின் விளையாட்டு இது.

ஒருபுறம் வெடி வைத்தாலும் மறுபுறம் வியாபாரத்தை விடவில்லை. ஹர்கிலாவின் வாலடி இறகு மிக மென்மையானது. குமார்காலி என்ற ஊரின் பெயரோடு அந்த இறகுகள் லண்டனுக்குக் கப்பலேறின. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், இந்த இறகுகளில் செய்த கழுத்துத் துண்டுகளையும் தோள் போர்வைகளையும் வைத்திருந்தார்கள். வாலுக்கு அடியில் இருந்த இறகு. அந்த வால் தினமும் எங்கெங்கே உட்கார்ந்து எழுந்தது என்பது சீமாட்டிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விக்டோரியா காலத்தின் புகழ்பெற்ற மயக்கங்கள் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

இனி சின்னத்துக்கு வருவோம். லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்றொரு அலுவலகம் 1484 முதல் இருக்கிறது. யார் எந்தச் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ரூஜ் டிராகன், புளூமேன்டில், போர்ட்கல்லிஸ் என்றெல்லாம் பதவிப் பெயர்கள். சிவப்பு டிராகன், நீலப் போர்வை, கோட்டைக் கதவு என்று அர்த்தம். இப்படிப்பட்ட பெயர்களை வைத்துக்கொண்டு சிரிக்காமல் சம்பளம் வாங்குவது ஒரு கலை. 1896இல் கல்கத்தா நகராட்சிக்குச் சின்னம் வந்தது. நடுவில் கேடயம், மேலே வழக்கமான அலங்காரங்கள். இருபுறமும் அதைத் தாங்கி, லண்டனின் டிராகன்கள் நிற்கும் இடத்தில், இரண்டு ஹர்கிலாக்கள்.

நகரத்தின் உண்மை அப்படியே வந்துவிடக் கூடாதல்லவா? அதனால் கொஞ்சம் ஒப்பனை செய்தார்கள். அலகில் ஆளுக்கொரு பாம்பு கொடுத்தார்கள். உண்மையில் அந்த அலகில் இருக்க வேண்டியது ஆட்டு எலும்பு, அழுகிய மீன், சில நாட்களில் சொல்லக் கூசும் வேறு சில. பாம்பைக் கவ்வியதும் பறவை கருடனின் ஒன்றுவிட்ட தம்பி ஆகிவிடுகிறது. தீமையை அழிக்கும் தத்துவமும் சேர்ந்துகொள்கிறது. அடுத்து, தோளில் ஒரு கீழைநாட்டுக் கிரீடம். கிரீடம் தலையில்தானே இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த வழுக்கையில் வைத்தால் வழுக்கி விழும். நிர்வாக ரீதியில் தோள்தான் பாதுகாப்பு.

கீழே லத்தீனில் ஒரு வாசகம்: பெர் ஆர்துவா ஸ்தாபிலிஸ் எஸ்தோ. துன்பங்களுக்கு நடுவே நிலைகுலையாமல் இரு என்று அறிவுரை. பம்பாய் நகராட்சி தன் லத்தீன் வாசகத்தில் 'இந்தியாவின் முதல் நகரம்' என்று எழுதிக்கொண்டது. அப்போது தலைநகரம் கல்கத்தா. தலைநகரத்துக்குத் தற்பெருமை கிடைக்கவில்லை; ஆறுதல் கிடைத்தது. ஒரு நகரம் தன் வாழ்த்து மடலிலேயே 'பொறுத்துக்கொள்' என்று எழுதி வாங்கிக்கொண்டதென்றால் அதன் சாக்கடை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

குப்பைப் பறவையைக் கொடியில் வைத்த முன்னுதாரணம் நம்மிடம் உண்டு. காக்கைக் கொடியாள்; துடைப்பம் அவள் அடையாளம்; சாஸ்திரப் பெயர் ஜேஷ்டா தேவி; வீட்டில் நாம் கூப்பிடும் பெயர் மூதேவி. பல்லவர் காலத்தில் அவளுக்குக் கோயிலில் மரியாதையான இடம் இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இன்றும் பார்க்கலாம். துடைப்பம் பிடித்தவளைப் பிறகு மெல்ல மெல்ல வாசலுக்கு வெளியே தள்ளினோம். குப்பையைப் பெருக்க வந்தவளைக் குப்பைக்கே சொந்தக்காரி ஆக்கினோம். காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் ஒரு தமிழ்க் கிழவி உட்கார்ந்திருந்தால், "ஐயா ரூஜ் டிராகன், இந்தப் பறவையைக் கொடியில் ஏற்றாதே, அதன் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருப்பாள்.

அந்தக் கதிதான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், சின்னம் வருவதற்கு முன்பே ஹர்கிலாவை வீட்டுக்கு அனுப்பும் வேலை ஆரம்பமாகிவிட்டது. 1859இல் பொறியாளர் வில்லியம் கிளார்க்கின் பாதாளச் சாக்கடைத் திட்டம் தொடங்கியது. 1860களின் கடைசியில் குப்பை அள்ளிச் செல்லத் தனி ரயிலே ஓட ஆரம்பித்தது. நகரின் கிழக்கே தாப்பாவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1870 முதல் பல்தாவிலிருந்து வடிகட்டிய தண்ணீர் வந்தது. ஆற்றில் பிணம் வீசுவதற்கும் தடை வந்தது. அதாவது நாரைக்குக் காலைச் சாப்பாடு போயிற்று, மதியச் சாப்பாடு போயிற்று, இராச் சாப்பாடும் போயிற்று. அது முட்டையிடப் போகும் பர்மாவிலும் நிலைமை சரியில்லை. பெகு பக்கம் சிட்டாங் ஆற்றங்கரையில் 1877இல் ஒரு பிரம்மாண்டமான கூட்டுக் குடியிருப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1930களில் அதுவும் இல்லாமல் போனது. 1896இல் கல்கத்தாவில் ஹர்கிலா அருகிவிட்ட பறவை. 20ஆம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்திலேயே அடியோடு காணவில்லை.

ஆக, சின்னத்தில் ஏற்றியது கௌரவம் அல்ல, பிரிவுபசாரம். ஓய்வு பெறும் நாளில் ஊழியருக்குப் பொன்னாடை போர்த்தி, "இவர் இல்லாமல் இந்த அலுவலகமே இல்லை" என்று மேடையில் பேசிவிட்டு, மறுநாள் அவர் நாற்காலியைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போடுவார்களே, அதே சடங்கு. இங்கே பொன்னாடைக்குப் பதில் கிரீடம்.

'நிலைகுலையாமல் இரு' என்ற உபதேசம் நகராட்சிக்காரர்களிடமும் பலிக்கவில்லை. 1899இல் கர்சன் பிரபு காலத்தில் வந்த நகராட்சிச் சட்டம், மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களை 50லிருந்து 25ஆகக் குறைத்தது. சுரேந்திரநாத் பானர்ஜி உட்பட 28 பேர் ஒரே மூச்சில் ராஜினாமா செய்து வெளியேறினார்கள். செய்ததும் சரிதான். அதிகாரம் இல்லாத சபையில் உட்கார்ந்து என்ன செய்வது? நகராட்சியில் கடைசிவரை நிலைகுலையாமல் நின்றவர்கள் இரண்டே பேர்; அவர்களும் படத்தில் இருந்தவர்கள்.

இதற்குள் நகரத்து இளைஞர்கள் லண்டன் கொடுத்த சின்னத்தை நம்பிப் பயனில்லை என்று தங்களுக்கே ஒரு கொடி தைத்துக்கொண்டார்கள். 1906 ஆகஸ்ட் 7, அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானத்தின் முதலாண்டு நிறைவு. பார்சி பகான் சதுக்கத்தில் ஏறிய அந்தக் கொடிக்கு வரலாற்றில் 'கல்கத்தா கொடி' என்றே பெயர். வடிவமைத்தவர்கள் சசீந்திர பிரசாத் போஸும் ஹேமச்சந்திர கானுங்கோவும். மூன்று பட்டைகள். மேல் பட்டை பச்சை என்பார் ஒரு சாரார், ஆரஞ்சு என்பார் இன்னொரு சாரார்; இரண்டு வங்காளிகள் சேர்ந்து செய்த காரியத்தில் இரண்டே கருத்து இருப்பது சிக்கனம்தான். அந்த மேல் பட்டையில் எட்டு மாகாணங்களுக்கு எட்டுத் தாமரைகள். நடுவில் மஞ்சள், 'வந்தே மாதரம்'. கீழ்ப் பட்டையில் சூரியனும் பிறையும். அந்த நாட்களில் கல்கத்தா வந்த நம் பாரதி சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். நிவேதிதை தன் பங்குக்கு வஜ்ராயுதம் போட்ட கொடியொன்று வைத்திருந்தார். பின்னால் பாரதி பாடிய தாயின் மணிக்கொடியில் வஜ்ரமும் இருக்கும், பிறையும் இருக்கும், வந்தே மாதரமும் இருக்கும். கல்கத்தாக் காற்று பட்டதன் பலன்.

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கொடிகளிலும் நாரைக்கு இடமில்லை. சூரியன், சந்திரன், இடி, மலர். யாரும் குறை சொல்ல முடியாத பெரிய இடத்துக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் சேற்றில் இறங்கி வேலை பார்ப்பது தாமரை மட்டும்தான்; அதையும் அழகுக்காகத்தான் சேர்த்தார்கள். கொடி வரைந்த ஹேமச்சந்திரர் சொத்தை விற்றுப் பாரிசுக்குப் போய் வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார். அலிப்பூர் வழக்கில் சிக்கி அந்தமானுக்குப் போனார். எலும்புக்குள் வெடி வைத்து நாரைக்குப் போட்டவர்களுக்குத்தான் அவர் பதில் சொன்னார் என்று எழுத ஆசைதான். சரித்திரம் இடம் கொடுக்காது.

1924இல் நகராட்சி தேசியவாதிகள் கைக்கு வந்தது. சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயர். தலைமை நிர்வாக அதிகாரி சுபாஷ் சந்திர போஸ், வயது 27. மாதம் 3,000 ரூபாய் சம்பளத்தில் பாதி போதும் என்றார். ஊரே புகழ்ந்தது. சம்பளமே வாங்காமல் நூறாண்டு வேலை பார்த்த ஒருவர் அந்த நகராட்சியின் சின்னத்தில் பாம்பைக் கவ்விக்கொண்டு நின்றார்; அவரை யாரும் ஒரு வார்த்தை புகழவில்லை. சில மாதங்களிலேயே சுபாஷைக் கைது செய்து பர்மாவில் மாண்டலே சிறைக்கு அனுப்பினார்கள். நகராட்சியின் பழைய ஊழியர் முட்டையிடப் போன திசையில்தான் புதிய அதிகாரியும் போனார். முன்னவர் விருப்பப்பட்டுப் போனார் என்பது ஒன்றே வித்தியாசம்.

நாரைக்கு நேர்ந்ததை நேரில் பார்க்க, இன்றைய தெற்குக் கல்கத்தாவின் டாக்குரியாவுக்கு வருவோம். ஹர்கிலா ஆளுநர் மாளிகைச் சிங்கத்தின் மேல் நின்ற காலத்தில் டாக்குரியா நகரத்துக்கு வெளியே கிடந்த கிராமம். பக்கத்தில் சதுப்பும் புதரும். மனிதனுக்கு மலேரியா, நாரைக்குச் சொர்க்கம். 1911இல் தலைநகரம் டில்லிக்குப் போகும் என்று அறிவித்தார்கள். 1912இல் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வேலையைத் தொடங்கியது. பெயரிலேயே முன்னேற்றம், எஜமானர் வீட்டைக் காலி செய்த பிறகு வெள்ளையடிக்க ஆள் வந்த மாதிரி. அந்த டிரஸ்ட் 1920களில் இங்கே 192 ஏக்கர் சதுப்பையும் காட்டையும் எடுத்துக்கொண்டு ஏரி வெட்டியது. வெட்டிய மண்ணால் சுற்றிலும் தரையை உயர்த்தி மனை போட்டது. டாக்குரியா ஏரி பிறந்தது. கரையில் படகுச் சங்கங்கள் வந்தன. 1935இல் ஜப்பானிய புத்தர் கோயில் வந்தது. சற்றுத் தள்ளி லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் வந்து குடியேறி, வாழையிலைக்கும் டிகிரி காப்பிக்கும் வழி செய்துகொண்டார்கள். நாரைக்கு வேட்டு வைத்த அதே சுகாதாரம்தான் நமக்கு நடைபாதை போட்டுக் கொடுத்தது. இந்த நன்றிக்கடனை ஏரிக்கரையில் காலை நடை போகும் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முழங்கால் வலியை நினைக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

1958இல் ஏரிக்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள். டாக்குரியா பாலத்துக்கும் சைதன்ய மகாபிரபு சேது என்று அழகான பெயர் உண்டு. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உங்களைச் சைதன்யரின் ஊரான நவத்வீபத்துக்கு ரயிலேற்றிவிடுவார். பாலத்தின் இன்னொரு கதைதான் நமக்கு முக்கியம். அதன் அடிமண்ணை எலிகள் குடைந்து பொந்தாக்கிவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. பொறியாளர்கள் வந்து பார்க்கிறார்கள், அடைக்கிறார்கள், எலிகள் அடுத்த பக்கத்தில் தொடங்குகின்றன. எலியை மெல்லாமல் விழுங்கும் ஐந்தடி ஊழியர் ஒருவர் முன்பு இதே நகராட்சியில் இருந்தார் என்பதைக் கூட்டக் குறிப்பில் யாராவது பதிவு செய்யலாம்.

படத்திலாவது இருந்தாரே என்றால், அதுவும் 1961இல் போயிற்று. மொழியறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜியின் யோசனைப்படி லத்தீன் வாசகம் போய், 'புரஸ்ரீ விவர்தன்' வந்தது. நகரின் அழகும் வளமும் பெருகட்டும் என்று கருத்து. ஹர்கிலாக்களும் இறக்கப்பட்டன. அடிமைச் சின்னம் என்றால் அப்புறப்படுத்த வேண்டியதுதான். ஆனால் அந்தச் சின்னத்தில் கிரீடம் வெள்ளைக்காரனுடையது, லத்தீன் வெள்ளைக்காரனுடையது, கேடயம் வெள்ளைக்காரனுடையது. இந்த மண்ணில் வேலை பார்த்த ஆள் அந்தப் பறவை மட்டும்தான். எஜமானனோடு சேர்த்து வேலைக்காரனையும் நாடு கடத்தினோம். ஆளுநர் மாளிகையும் அதன் வாசல் சிங்கங்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள் வேலை செய்யாத சிங்கத்துக்கு இந்த நாட்டில் எப்போதும் பென்ஷன் உண்டு.

ஊழியர் இப்போது எங்கே இருக்கிறார்? உலகத்தில் மிஞ்சியவற்றில் பெரும்பகுதி அசாமில். கவுகாத்தியின் பழைய குப்பை மேட்டில், தீபோர் பீல் ஏரிக்குப் பக்கத்தில், மாநகராட்சி லாரிக்கு எதிரே அதே பழைய விறைப்போடு வரிசையில் நின்றவர்கள் இவர்கள். அங்கேயும் முதலில் அபசகுனம் என்று கூடிருந்த மரங்களை வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் ஊர்ப் பெண்களைத் திரட்டி அதை மாற்றிக்காட்டினார். ஹர்கிலா படை என்று பெயர்; ஆயிரக்கணக்கான பெண்கள். கூட்டில் முட்டை வைக்கும் காலத்தில் நாரைகளுக்கு வளைகாப்பு நடத்துகிறார்கள்! 2022இல் ஐ.நா.வின் புவி சாம்பியன் விருது பூர்ணிமாவைத் தேடி வந்தது. அந்தப் பெண்கள் தறியில் நெய்யும் துணிகளில் ஹர்கிலா நிற்கிறது. கிரீடம் இல்லை, லத்தீன் இல்லை. லண்டன் அலுவலகத்தின் அனுமதியை யாரும் கேட்கவும் இல்லை.

கல்கத்தாவுக்கும் மறுபடி ஓர் உண்மையான கொடி வேண்டுமென்றால் ஆள் தேட வேண்டியதில்லை. டாக்குரியாவில் தினமும் காலையில் விசில் சத்தம் கேட்கும். தள்ளுவண்டியோடு மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் வாசலில் நிற்பார். நேற்றிரவு தின்ற மீன் முள்ளைக் கொண்டுபோய்க் கொட்டுவோம். இரண்டு பேரை இருபுறமும் நிறுத்தி, நடுவில் தள்ளுவண்டி வரைந்து, கீழே என்ன மொழியில் வேண்டுமானாலும் ஒரு வாசகம் எழுதினால் சின்னம் தயார். ஆனால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: படம் எடுக்க வருகிறோம், தோளில் கிரீடம் வைக்கிறோம் என்று எவராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பு ஒருவர் ஒப்புக்கொண்டு என்ன ஆனார் என்று பார்த்துவிட்டோம். முதலில் சம்பள பாக்கி, அடுத்து கையுறை, பிறகு பணி நிரந்தரம். மூன்றுக்கும் கையெழுத்து வாங்கிய பிறகு கொடியைப் பற்றிப் பேசலாம். அதற்குள் மேயரே மாறிவிடுவார், கவலை இல்லை.